மாத்திரை அட்டையைப் பிரிக்காதே

அக்கா,

சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. அப்பாவின் பல்செட்டைச் சரிசெய்யப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நீ நேற்று வாங்கி வந்த மாத்திரை அட்டையைப் பிரிக்காதே.

மறதி நோய் முற்றித்தான் அப்பா கத்துகிறார், அடிக்கிறார் என்றாய். "எட்டாவதோட நின்னவ, டாக்டருக்கே பாடம் எடுக்கப் போறியா?" என்றாய். நான் பாடம் எடுக்கவில்லை. இரண்டு வாரமாக அவர் கத்திய நேரங்களை எழுதிய நோட்டைக் காலையில் அப்பாவோடு போய், மாத்திரை எழுதிய டாக்டரிடமே நீட்டினேன். மொத்தம் பத்தொன்பது முறை. அதில் பதினேழு, பல்செட் மாட்டிய பிறகு.

டாக்டர் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தார். கீழ் ஈறு முழுக்கப் புண். "வலியைச் சொல்லத் தெரியாமதான் கத்தியிருக்காரு. இந்த மாத்திரை ஆளை மந்தமாக்கும், தடுமாறி விழ வைக்கும், பக்கவாதம்கூட வரலாம். இப்ப வேணாம். புண் ஆறியும் கத்தினா அப்ப யோசிக்கலாம்" என்றார்.

பல்செட் இல்லாமல் சோற்றை மசித்துக் கொடுத்தேன். தட்டு பறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சாவி கீழ் வீட்டில்.

உன்மேல் கோபமில்லை. நீயும் சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று.

பி.கு.: "இத யாரு எழுதினது?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.