கதவு திறந்துவிட்ட பெண்

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க இரண்டு வேளையும் கும்பிடுகிறேன்.

நீ விட்டுப்போன அந்தப் பேர்பெற்ற நாவலைப் பூஜை முடிந்ததும் தினம் கொஞ்சம் படிக்கிறேன். கதை சொல்வது ஒரு வாசல் கதவாமே! முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பெண் குழந்தை வளர்வதைக் கதவு சொல்கிறது. அவள் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்ததற்கே ஒரு அத்தியாயம். வெளியே போய் என்ன பட்டாள் என்று அதற்குத் தெரியாது. திரும்பி வந்து தள்ளும் கையின் சூட்டில் ஊகிக்கிறது. படிக்கப் படிக்க நானே வாசலில் மரமாக நிற்பது போலிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "கதவு பேசுதா? இந்த வீட்ல நீ பேசுறது பத்தாதா?" என்கிறார்.

பல் கட்டும் வேலை எப்படி? ஊரார் சிரிப்பெல்லாம் உன் கையில். உன் சிரிப்பைக் கடிதத்தில் காணோம். பயிற்சி முடிந்து எப்போது வருகிறாய்?

அம்மா

ஜூன் 19

அன்பு அம்மா,

இங்கேயே நிரந்தர வேலை தருகிறார்கள். கையெழுத்துப் போட்டால் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரமுடியும். நீ வேண்டாம் என்றால் போடமாட்டேன், சத்தியமாக.

கடைசி அத்தியாயம் வந்துவிட்டதா? அவள் பெட்டியோடு கிளம்பும்போது மழை. கதவு ஊறி உப்பியிருக்கிறது. கொஞ்சம் இறுகிக்கொண்டால் வண்டியை விட்டுவிடுவாள். ஆனால் திறந்துவிடுகிறது. அவள்மேல் அதற்கு ஆசையே இல்லையா? நீ சொல்லும்மா.

குட்டி

ஜூலை 2

கண்ணே,

படித்துவிட்டேன். அந்த இடம் வந்ததும் "இறுகிக்கோயேன்!" என்று கதவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "யார்கிட்டடி சண்டை?" என்றார் அப்பா.  இரண்டு நாள் சாமியிடமும் உன் வழியை அப்படி இறுக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆசை இல்லாமலா? உப்பிய மரம் தானாகத் திறக்காதம்மா. மூச்சைப் பிடித்துத் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கும்.

கையெழுத்துப் போடு.

சாமி புத்தகத்தைப் படித்து முடித்தால் அப்படியே மூடிவைக்கக் கூடாது, முதல் பக்கத்தையும் படிக்க வேண்டும் என்பது என் பழக்கம். இதற்கும் அப்படியே செய்தேன். அங்கே அவள் பிறந்து, துணியில் சுற்றி, அம்மா தோளில் வாசலுக்கு வருகிறாள். நல்ல தூக்கம். நான் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா