வடிதாளில் ஒரு சொட்டு

மார்ச் 8, ஞாயிறு

நாளை பட்டறைக்குப் போகிறோம். தலை குழம்பாதிருக்க, வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. கியர்பாக்ஸ் ஆயில் தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டும். இன்று பாலில் சிவப்பு மை கலந்ததுபோல் இருக்கிறது. தண்ணீர் சேர்ந்திருக்கிறது.
2. சேர்த்தது என் கை.
3. இதை என் மனைவியிடம் சொல்லியாக வேண்டும்.
4. கார் பிழைக்குமா, தெரியாது.

ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டு இருந்த பழக்கம் விடவில்லை. ஞாயிறுதோறும் என்ஜினை ஓடவிட்டு, கியர்பாக்ஸின் அளவுக்கம்பியில் வரும் ஆயிலில் ஒரு சொட்டை வடிதாளில் இட்டு, தேதியும் கார் ஓடிய தூரமும் எழுதி நோட்டில் ஒட்டுகிறேன். ஓட்டுவது அவள்தான். அறுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பவன்.

செவ்வாயன்று அளவு சற்றுக் குறைவாகத் தெரிந்தது. புனல் வைத்துக் கால் டம்ளர் ஆயில் ஊற்றினேன். அதற்குமுன் புனலைக் கழுவியது நினைவிருக்கிறது. துடைத்தேனா?

மார்ச் 9

பட்டறைக்காரர் கம்பியை உருவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பழுப்பா இருந்தா வயசாச்சுன்னு ஆயிலை மாத்திட்டு ஓட்டலாம் ஐயா. இது தண்ணி. உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் ஊறியிருக்கும். எத்தனை மாசமா இப்படி ஓடுதோ. வந்த விலைக்குத் தள்ளிடுங்க."

மகனுக்கு போன் செய்தேன். "நல்லதாப் போச்சுப்பா. இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு ஸ்டீரிங்? டாக்சில போங்க."

அவன் சொன்னதை அவளிடம் சொன்னேன். கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, பீரோவில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள். படுக்கையில் கிடக்கும் அக்காவைப் பார்க்க வாரம் மூன்று நாள் பாலம் தாண்டிப் போகிறவள். இந்தக் கார் போனால் இன்னொன்று வாங்க மகன் விடமாட்டான்.

புனலைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 10

சொல்லவில்லை.

மார்ச் 11

'எத்தனை மாசமா' என்றாரே, அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நோட்டை எடுத்தேன். மார்ச் 1: சிவப்பு, ஓரம்வரை ஒரே சீர். மார்ச் 8: வெளுத்த நடு, சுற்றிலும் ஈர வளையம். இடையில் ஓடியது முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆக, அதிகம் போனால் ஒரு வாரம். பிளேட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசை இளக அது போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். நினைப்பதற்கு நான் யார்?

அதே பக்கத்தின் ஓரத்தில், என் கையெழுத்தில்: 'ரேடியேட்டரில் கூலன்ட் தண்ணீர் இரண்டு விரல் குறைவு. வெயிலோ?'

அந்த இரண்டு விரல் எங்கே போயிற்று? அல்லது, புனலிலிருந்து தப்பிக்க நானே வழி தேடிக்கொள்கிறேனா?

மார்ச் 12

காலையில் சொல்லிவிட்டேன். புனல், கழுவியது, துடைக்காதது, எல்லாம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? நான் சமையல்தான் சரியில்லையோன்னு நெனச்சேன்."

பிறகு நோட்டைப் பார்த்தாள். வெகுநேரம். "எடுத்துக்கங்க. போவோம்."

"பட்டறைக்காரர் கோபிச்சுக்கிட்டா?"

"கோபிச்சுக்கட்டும். அடிக்கவா போறார்?"

பட்டறைக்குப் போனோம். நோட்டைக் காரின் முகப்பில் விரித்து வைத்தேன். "மாசக்கணக்கா இல்லைங்க. ஒரு வாரம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதுக்கு மேல ஓடல."

குனிந்து பார்த்தார். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "யாரு எழுதினது இதெல்லாம்?"

"இவர்தான்," என்றாள் அவள். "கல்யாண நாள் மறந்துடும். இது மறக்காது."

"ரேடியேட்டரைச் சோதிச்சுப் பாருங்க," என்றேன். "அங்கேயிருந்து வந்திருக்கலாம். இல்லேன்னா என் புனல்லேருந்து."

புனல் கதையைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு புனல் ஈரத்துல இவ்வளவு பால் கறக்க முடியாது ஐயா. சரி, நாளைக்குப் பாக்கறேன்."

"இப்பவே பாருங்க."

சொன்னது நானா? அவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆறுவதற்காக ரேடியேட்டருக்குள்ளே ஒரு குழாய் போகிறது. ரேடியேட்டரைத் தண்ணீரால் நிரப்பி, அந்தக் குழாயில் காற்றை ஏற்றினார். மூவரும் ரேடியேட்டரின் வாய்ப்பக்கம் குனிந்து நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி. அப்புறம் வரிசையாக.

"உள்குழாய் பிளந்திருக்கு," என்றார். இம்முறை அவர் உதட்டைப் பிதுக்கவில்லை. "ஒரு வாரம்னா காப்பாத்திப் பாக்கலாம்."

மார்ச் 14

புது ரேடியேட்டர். ஆயிலை மூன்று முறை வடித்து நிரப்பினார். முதல் தட்டில் பால். இரண்டாவதில் லேசான கலங்கல். மூன்றாவது கண்ணாடிபோல் சிவப்பு. கியர் போட்டதும் கார் திணறாமல் நகர்ந்தது. "இன்னும் ரெண்டு வாரம் அந்த நோட்டுல எழுதுங்க, எனக்கும் காட்டுங்க," என்றார்.

மார்ச் 22

சிவப்பு.

மார்ச் 29, ஞாயிறு

லைசென்ஸ் கைப்பைக்குத் திரும்பிப் பதினைந்து நாள் ஆகிறது. இன்று பாலத்து ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தினாள். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. நடுவில் மகன் போன். "அம்மா ஓட்டிட்டிருக்கா, அப்புறம் பேசு," என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். அவள் சாலையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்திருந்த அக்கா, "டிரைவரம்மா வந்தாச்சா?" என்றார்.

திரும்பி வந்ததும் என்ஜினை ஓடவிட்டு ஒரு சொட்டு எடுத்தேன். ஓரம்வரை ஒரே சிவப்பு. ஒட்டியாயிற்று.

ஒரு திருத்தம்: மார்ச் 8 அன்று எழுதிய நான்கில் இரண்டாவது, 'சேர்த்தது என் கை', தவறு.