தலைகீழாக ஒட்டிய எண்

பிப்ரவரி 4, புதன்

காலையில் பனி. மலை தெரியவில்லை. நேற்று விமானத்தின் வாலில் தடவிய பசை இன்னும் பிசுபிசுப்பு. இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்தேனா? எடுத்தேன். பதினெட்டு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் மில்லிகிராம் பார்த்த கை. குளிர்தான் காரணம்.

மீதி:
– இடது றெக்கைக் கீல்கள்
– எஞ்சின்
– பெட்ரோல் டாங்க், குழாய்
– எண்
– லேப் லீவு லெட்டர்

இன்னும் பதினோரு நாள். 15 ஞாயிறு, புத்தூர் தாண்டி வறண்ட ஏரியில் பறக்க விடுவது. அங்கிருந்தே நேராகச் சென்னை. 16 இவருக்கு, என் வீட்டுக்காரர் சேகருக்கு, ஆபரேஷன். மூளைக்கு அடியில் கட்டி, கண் நரம்பை அழுத்துகிறது. எடுத்தாலும் பார்வை நிற்கும் என்று டாக்டர் உறுதி தரவில்லை.

"பறக்கறத ஒரு தபா கண்ணால பாத்துட்டுதான் படுப்பேன்." இவர் பிடிவாதம். ரிமோட்டில் பறக்கும் மாதிரிப் போர் விமானம், றெக்கை நுனிக்கு நுனி ஏழு அடி. உதிரி உதிரியாகப் பெட்டியில் வந்து ஒரு வருஷமாகப் பரண்மேல் கிடந்தது. இவருக்கு இப்போது பொடி எழுத்து படிக்க வரவில்லை. அதனால் கை என்னுடையது, மேற்பார்வை இவருடையது. இருபத்தைந்து வருஷ ஃபிட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சரி என்பார்.

டாக்டர் சொன்னது: பார்வை கொஞ்சம் மங்கினாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். தினமும் கேட்கிறேன்.

"அப்டியேதான் கீது."

பிப்ரவரி 7, சனி

அரை நாள் லேப். எஞ்சினைப் பொருத்தி முடுக்கியாச்சு. விரலில் வெட்டு.

பாஸ்கர் வந்தார். விமானத்தை ஓட்டப் போகிறவர், ரேணிகுண்டாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. என் விரலைப் பார்த்துவிட்டு இவரிடம்: "அண்ணா, பேட்டரி மோட்டார் வெச்சிருந்தா மேடத்துக்கு இந்தக் கஷ்டம் உண்டா? பெட்ரோல்னா சத்தம் ஒண்ணு, நாத்தம் ஒண்ணு."

"சத்தத்துக்குத்தான்யா பெட்ரோலு. மிக்சி மாரி உய்யுன்னு போனா அது ஏரோப்ளேனா?"

"சரே, சரே. மீ இஷ்டம்." உங்க இஷ்டம் என்று தெலுங்கில் ஒதுங்கிவிட்டார்.

எனக்கும் எரிச்சல். பேட்டரி என்றால் நான்கு நாள் வேலை மிச்சம். சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். "கூடத்துல ஏரோப்ளேன் கட்டிக்கினு கீறியே, மலைமேல கீற சாமிக்கு வேண்டிக்கினு மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு வைக்கக் கூடாதா?" ஸ்கேனில் கட்டி சுருங்கினால் நானே மொட்டை போடுகிறேன் என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

இட்லி மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

டாங்க் முடிந்தது. அப்படியே எண் ஸ்டிக்கரையும் ஒட்டினேன். உடம்பின் பக்கவாட்டில் 472, நாலு விரல் உயரம். இவரிடம் தூக்கிக் கொடுத்தேன். முகத்துக்கு நேரே பிடித்தார், ஓரத்தில் நகத்தை ஓட்டினார்.

"ஓரம் எழும்பல. அம்சமா கீது, சயின்டிஸ்ட் அம்மா."

சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். எண் தலைகீழ். டாங்க் வைக்க விமானத்தை வயிறு மேலாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். கவிழ்ந்தபடியே ஒட்டியிருக்கிறேன்.

என் தவறு சரி. அரை மில்லி பிசகினால் பிரிக்கச் சொல்கிற மனுஷன் இதை எப்படி விட்டார்?

அசதியாக இருக்கலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு கவனிப்பை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மூன்று சோதனை.

ஒன்று. சிவப்புக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரைக் கேட்டேன். முனையைத் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். சரிதான். ஆனால் தடவினார்.

இரண்டு. காலண்டரில் ஜனவரித் தாளை மேலே மாட்டிவிட்டு, தேதி பாருங்கள் என்றேன். "பத்து, செவ்வாக்கெழம." பார்க்காமலே சொல்லலாம்.

மூன்று. டீ டம்ளரோடு எதிரில் போய் நின்றேன். இரண்டடி தூரம். பேசவில்லை, மூச்சுகூட விடவில்லை. இவர் முகம் என்னைப் பார்த்துத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "வசந்தா, டீ இன்னா ஆச்சு?" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. சூடு தெரியவில்லை.

"உங்க எதிர்லதான் நிக்கறேன்."

கையை நீட்டித் துழாவினார், டம்ளர் தட்டியது.

"எப்பத்திலிருந்து?"

"பொங்கல் கழிச்சு. மொதல்ல ஓரம் போச்சு. இப்ப வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியல."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இட்டுக்கினு போயிருப்ப."

பொங்கல் கழித்து நாலு வாரம். அந்த நாலு வாரமும் நான் கீல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்டியேதான் கீது என்றதை நம்பினேன். எதையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பினேன். பெட்ரோல் எஞ்சின் எதற்கென்றும் இப்போதுதான் புரிகிறது, பார்க்க முடியாததைக் கேட்க.

டாக்டருக்குப் போன். இன்றைக்கே வாங்க, ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்றார். இவர் அசையவில்லை. "ஞாயித்துக்கெழம. கேட்டுட்டாவது போறேன். அப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க." கெஞ்சினேன். கத்தினேன். பாஸ்கர் போனில் சொல்லிப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொண்ணூறு கிலோ ஆளை எப்படித் தூக்குவது?

ரம்பத்தை எடுத்தேன்.

"இப்ப கெளம்பலன்னா றெக்கைய அறுத்துடுவேன்."

"அறு."

பார்வை இல்லாத ஆள். அதைப் பயன்படுத்தினேன், எழுதிவிடுகிறேன். றெக்கை பெஞ்சில் இருந்தது. பக்கத்திலேயே விமானம் வந்த பெட்டியின் பலகை. பலகையை அறுத்தேன். ஏழெட்டு இழுப்பு.

"நிறுத்து. சட்டைய எடு."

கிட்டே வந்து றெக்கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவர். அவ்வளவு வெறுத்துவிட்டார் போல.

டாக்சி பிடித்தோம். புத்தூர் கழித்துக் கேட்டார்: "ஏரி வந்துட்டுதா?"

"தாண்டியாச்சு."

நகரியில் தறிச் சத்தம் கேட்டதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். தறி ஓய்கிற வரைக்கும் முகத்தை வெளியே வைத்திருந்தார். கைப்பையில் மஞ்சள் துணி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

சென்னை. புழுக்கம். மாற்று உடுப்பு எடுத்து வரவில்லை.

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு முன் இவர் நகத்தைச் சுத்தம் செய்த நர்ஸ் கேட்டாள்: "என்னம்மா இது, தச்சு வேலையா?" றெக்கை செய்த பால்சா மரத்தின் தூள். நகத்தடியில் வெள்ளையாக. ஆமாம் என்றேன்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார்.

"பால்சா அப்டி கிறீச்சுன்னு கத்தாது. வெண்ண மாரி போவும். நீ அறுத்தது பெட்டிப் பலகை."

"தெரிஞ்சுமா கெளம்பி வந்தீங்க?"

"பலகைய அறுக்கறதுக்கு எவளாவது அப்டி அழுவாளா?"

நான் அழுதது எனக்கு நினைவில்லை. அதைக் கேட்பதற்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பிவிட்டது.

பாஸ்கர் போன். சாவி சுலோச்சனாவிடம் இருக்கிறதாம், போய் இடது கீலை முடித்து வைக்கட்டுமா என்றார். முடிங்க என்றேன். எண் தலைகீழாக இருக்கே மேடம், உரித்து நேராக ஒட்டிவிடவா என்றார்.

அதைத் தொடாதீங்க என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். எண் தலைகீழாக இருப்பது இவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. இவரே பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும்.

2.20. தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு இன்னும்—