தடுத்த கை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கராத்தே சொல்லிக்கொடுக்கிற கைக்குப் பேனா பிடிக்க மட்டும் நேரமில்லை. போகட்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தையல் மெஷினை அவர் கட்டிலருகே நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பேச்சு குழறுகிறது. "சின்னவன் வருவானா?" என்பது மட்டும் தெளிவாக வருகிறது. அவர் கையால் நீ பட்ட அடி எனக்குத் தெரியாதா? குறுக்கே விழுந்து வாங்கியவள்தானே நான். ஆனாலும் ஒருமுறை வந்துவிட்டுப் போடா.

உன் அக்கா

ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

ஒன்பது வயதில் விடுதியில் சேர்ந்தபோது கட்டிலுக்கு அடியில்தான் தூங்குவேன். ஜெபக்கூடத்தில் முழங்கால் போட்டு, அப்பா செத்துப்போக வேண்டும் என்றுதான் வேண்டினேன். கராத்தே பழகப் பழக உடம்பிலிருந்து பயம் இறங்கியது; வேண்டுதலும் மாறியது. இப்போது அவருக்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாதவரை அந்த ஜெபம் வெறும் வாய்வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

நான் பட்டன் வாங்கிவரப் போன நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாயே. வந்து பார்த்தால் அவர் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. கேட்டால், "சின்னவன் பயந்துட்டான்" என்று குழறுகிறார். அடித்தாயா? மறைக்காமல் எழுது.

அக்கா

ஜூன் 24

அக்கா,

அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கினார். என் தலையைத் தொடத்தான். அது அப்புறம்தான் புரிந்தது. அதற்குள் என் கை தடுத்துத் தள்ளிவிட்டது. "யோசிக்காம தடுக்கணும்" என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவன் நான். அவர் கை கட்டில் கம்பியில் மோதியது. அவர் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பயம் போய்விட்டது என்று இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டு. அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். இந்த முறை அவர் தொடட்டும்.

தம்பி

ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அழுதார். பிறகு, அசைகிற அந்த ஒரு கையையும் போர்வைக்குள் வைத்து இறுக்கிச் செருகச் சொன்னார். "வெளிய தெரிஞ்சா அவன் பயப்படுவான்" என்று குழறிக் குழறிச் சொல்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் முதலில் கை மூடியிருக்கிறதா என்று போர்வையைத்தான் பார்க்கிறார். நீ கட்டாயம் வா.

அக்கா