பூட்டு வரைக்கும் எட்டும் சாவி

புதுப் பூட்டின் எண்ணெய் வாசனை என் உள்ளங்கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காலையில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, கனமான ஒரு பூட்டையும் அதன் ஒற்றைச் சாவியையும் கையில் வைத்தார். அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்களாம். மருந்து அலமாரி பூட்டாமல் கிடக்கக் கூடாதாம். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இப்போது ஆய்வகத்தில் உட்கார்ந்து, செய்முறைத் தேர்வுக்கு வைத்திருந்த தாளை எடுத்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தால், "ஏட்டி, பூட்டப் பாத்துமா பயப்படுத?" என்றுதான் கேட்பாய். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. விளையாட்டு ஆசிரியை இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நீ பார்த்துக்கொண்டிருந்த மாணவியர் நலப் பொறுப்பு மட்டும் அந்த வாரமே என் தலையில் விழுந்துவிட்டது. அறிவியல் டீச்சர்தானே, எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும் என்பது உனக்குத் தெரியும். சுவரில் பல்லி ஓடினால் பாடத்தைப் பாதியில் விட்டு வராந்தாவுக்குப் போகிறவள் நான்.

ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகளிடம் உடல்நலப் படிவம் கொடுத்து அனுப்புவோம். இருதய நோய், இளைப்பு, வலிப்பு, ஒவ்வாமை என்று வரிசையாகக் கட்டங்கள். வீட்டில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கோடாக இழுத்து 'இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நோயே கிடையாது போலிருக்கிறது என்று நான் சொல்வேன். நீ சிரிக்கமாட்டாய். பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய், பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியை வாங்கி இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாய். கடற்கரைக்காரிக்கு இலை வெட்ட வரவில்லை என்று அவர்கள் உன்னைக் கேலி செய்வார்கள். கேலி ஓய்கிற நேரத்தில் யாராவது ஒருத்தி உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அப்படித்தான் இசக்கிக்கு வலிப்பு வரும் என்பது உனக்குத் தெரிந்தது. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "படிவத்துல எழுதிராதீங்க டீச்சர். நாளைக்கு இவளுக்கு ஒரு எடம் பாக்கணும். சொந்தத்துல தெரிஞ்சா அம்புட்டுதான்" என்றாளாம். நீ எழுதவில்லை. ஆனால் டாக்டர் சீட்டையும், மூக்கில் அடிக்கும் அவசர மருந்தையும் வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்கவும் இல்லை. இரண்டையும் மருந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்து என்னிடம் மட்டும் சொன்னாய்.

"அஞ்சு நிமிசம் தாண்டிட்டுன்னா மூக்குல அடிக்கணும். நான் மைதானத்துல கெடப்பேன். ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா."

தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து அவள் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் கரும்பலகையைப் பார்ப்பதைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன்.

நான் பார்க்காத ஒரு நிமிடத்தில்தான் அது வந்தது. மதிய இடைவேளை. சோதனைக் குழாய்களைக் கழுவித் தருகிறேன் என்று வந்தவள், இதோ இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தாள். மூளையையும் நரம்பையும் நான் பாடம் நடத்தி முடித்த வாரம் அது. வலிப்பு ஏன் வருகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். ஆனால் அவள் உடம்பு வெட்டி இழுத்ததும் என் கை இடுப்புக்குப் போனது. செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கைக்குள் திணித்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்பது நான் பிறந்த தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. படித்த படிப்பெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ. அவள் விரல்கள் கொத்தைச் சுற்றி இறுகின. ஆய்வகச் சாவி, நூலகச் சாவி, மருந்து அலமாரிச் சாவி எல்லாம் அதில்தான் இருந்தன.

நான் போட்ட சத்தத்தில் நீ ஓடி வந்தாய். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உன் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாய். கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நாலு முடிந்ததும் நிமிர்ந்தாய்.

"சாவி எங்கட்டி?"

"அவ கையில."

நீ என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அதில் கோபம் இல்லை. நீயும் பயந்துவிட்டாய் என்று தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவள் விரல்களைப் பிரிக்கப் போனேன். "முறிச்சிராத, விடு. ஆம்புலன்சுக்குப் போன் போடு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாய். நான் எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து மூன்று இடி கேட்டது. குண்டெறியும் குண்டால் பூட்டை உடைத்திருக்கிறாய். நீ மருந்தோடு திரும்பியபோது ஏழாவது நிமிடம் நடந்துகொண்டிருந்தது. மருந்து போன கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் பைய விரிந்தன. கொத்து தரையில் விழுந்தது. அவள் உள்ளங்கையில் சாவியின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் அழுதேன். நீ திட்டவே இல்லை. உடைந்த பூட்டைப் பற்றிப் பழைய தலைமையாசிரியை கேட்டபோது, "குண்டு கை தவறிட்டு டீச்சர்" என்று முகம் மாறாமல் சொன்னாய். அதற்குப் பிறகு அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது. கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டினாய். நேரம் பார். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் வைக்காதே. நாலாவதாக, கொட்டை எழுத்தில், கையில் எதையும் கொடுக்காதே. நாலாவது யாருக்கு எழுதியது என்று பள்ளியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும்போது சரிந்தாயாம். மாரடைப்பு என்றார்கள். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையிலும் சாவியைத்தான் திணித்திருப்பேனோ என்றுதான் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று இந்தப் பூட்டு வந்த ஒரு மணி நேரத்தில் இசக்கியின் அம்மா வந்தாள். இசக்கி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டு வருடமாக வலிப்பு இல்லை என்பதால் டாக்டர் மாத்திரையை மெல்லக் குறைக்கிறாராம். "இந்த ரெண்டு மாசம் கவனமா இருக்கச் சொல்லுதாங்க. வந்தாலும் வருமாம்" என்று மூக்கில் அடிக்கும் புது மருந்தை நீட்டினாள். பிறகு உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

உன்னைப்போல இலை வெட்டிக்கொண்டே பேச எனக்கு வராது. "எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. அன்னைக்கு நான் செஞ்ச தப்பு ஒங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்து, சாவிக்கொத்துக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசியில், "பெரிய டீச்சருக்கும் கிளாஸ் டீச்சருக்கும் மட்டும் சொல்லுங்க" என்றாள். வெளியே வராந்தாவில் நின்ற இசக்கி அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். "பக்கத்துல இருக்க மாரிக்கு நானே சொல்லிட்டேன் டீச்சர். மணி பாக்கணும்னும் சொல்லியிருக்கேன்" என்றாள். மணி பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீயாகத்தான் இருக்கும்.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். பூட்டு வேண்டாமே என்றும் கேட்டேன். "அதுக்காவத் தொறந்து போட முடியுமா? ஆறாம் கிளாஸ் பிள்ள எவளாவது எடுத்துத் தின்னுட்டா யாரு பதில் சொல்லுதது?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான். அவருக்கு அந்தப் பயம், எனக்கு என் கையைப் பற்றிய பயம்.

உன் வீட்டுக்காரர் உன் சாமான்களை எடுக்க வந்த அன்று, உன் விசிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை அதை எடுத்துப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. இன்று எடுத்து அதன் கறுப்புக் கயிற்றைக் கழற்றினேன். ஒரு முனையில் புதுச் சாவியைக் கட்டினேன். மறுமுனையை அலமாரிக்கு மேலே, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத கொக்கியில் முடிந்தேன். அவிழாத முடிச்சு, நீ வலைக் கம்பத்துக்குப் போடும் முடிச்சு. சாவியையும் அந்தக் கொக்கியிலேயே மாட்டினேன். பிறகு இறக்கி இழுத்துப் பார்த்தேன். சாவி பூட்டு வரைக்கும் எட்டுகிறது. அதற்கு மேல் ஒரு விரல் நீளம்கூட வராது. என் இடுப்புக்கு வராது, எந்தப் பிள்ளையின் கைக்கும் வராது. தலைமையாசிரியையும் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று போனார்.

கயிறில்லாத விசிலை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு எனக்கு முதல் பாடவேளை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஆனால் அதில் சாவி இல்லை.