அடியில் ஒட்டியிருந்த முகவரி

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். முதலாளியம்மா என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுகிறார். அவன் உதைத்த விலா ஆறிவிட்டது. தும்மினால்தான் உயிர் போகிறது.

உன்னிடம் ஒரே குறை. மேலே நாலு வரி பதில் எழுதிவிட்டு, கீழே என் பழைய மெயிலையெல்லாம் வால் மாதிரித் தொங்கவிடுகிறாய். வேண்டிய வரியை மட்டும் வைத்து, அதற்கு அடியில் பதில் எழுது. மற்றதை அழித்துவிடு. கடைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் கடை முகவரியைத் தானாக ஒட்டுகிறது, எனக்கு எடுக்கத் தெரியவில்லை. அதையும் மறக்காமல் அழி.

உன் தங்கை

மார்ச் 6

என் தங்கமே,

நீ எழுதியதை அழிக்க எனக்குக் கை வருமா? வீட்டில் எல்லோரும் உன் பேச்சை வெட்டினார்கள். நானுமா வெட்ட வேண்டும்?

உன் புருஷன் தினமும் மெயில் போடுகிறான். திருந்திவிட்டானாம், நீ எங்கே என்று மட்டும் சொன்னால் போதுமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு இன்றே எழுதப்போகிறேன்.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

இடது கையால் தட்டுகிறேன். நேற்றுக் காலை அவன் கடைக்குள் வந்தான். கையில் நீ அவனுக்குப் போட்ட மெயில். மேலே உன் வசவு, கீழே என் கடிதம், அதன் அடியில் கடை முகவரி. "உங்க அக்காவே வழி சொல்லிட்டா" என்றான்.

தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி அலமாரியில் என் முகத்தை மோதினான். விழுந்ததும் வலது கையை மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்து அவன் தொடையில் இரண்டு முறை குத்தினேன். முதலாளியம்மா நாற்காலியால் அவன் மண்டையைப் பிளந்திராவிட்டால் நான் இல்லை. இன்னும் நாலு குத்து குத்தியிருக்கலாம் என்று படுக்கையில் கிடந்து நினைக்கிறேன்.

எப்படி அக்கா?

மார்ச் 11

கண்ணே,

பாவி நான். புது மெயில் தொடங்க எனக்குத் தெரியாது. எப்போதும் உன் மெயிலைத் திறந்து, யாருக்கு என்ற இடத்தை மாற்றி, மேலே எழுதி அனுப்புவேன். அப்படித்தான் அவனுக்கும் அனுப்பினேன். இந்தக் கையை வெட்டிப் போட வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல், ஓடி வருகிறேன்.

உன் அக்கா

மார்ச் 20

> எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல், ஓடி வருகிறேன்.

சொல்ல மாட்டேன் அக்கா. அந்த ஊரை விட்டே வந்துவிட்டேன். உன்மேல் ஆத்திரம் இல்லை என்று எழுதினால் பொய். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். இரண்டையும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அடுத்து உன் வாசலுக்குத்தான் வருவான். கதவைத் திறக்காதே, உடனே போலீசைக் கூப்பிடு. எப்படியாவது உள்ளே வந்து உன் கழுத்தைப் பிடித்தால், தங்கச்சி எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சொல். பொய் சொன்னால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அது உண்மையாகவே இருக்கட்டும் என்கிறேன்.

இந்த மெயில் கணக்கை இன்றோடு மூடுகிறேன். பதில் எழுதாதே.