பூண்டுப் பெட்டியும் உங்கள் பாட்டும்

மதினி,

இன்று காலை ரசத்துக்குப் பூண்டு எடுக்கப் போய் அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். மூடி வழக்கம்போலக் கிறீச்சென்று கத்தியது. என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய் இது இரண்டாவது ஐப்பசி. ஆனாலும் அந்த மூடி கத்தினால் அடுத்ததாக உங்கள் குரல் வரும் என்றே என் காது காத்திருக்கிறது. என்ன செய்ய, காதுக்குப் போய் யார் புத்தி சொல்வது?

பெட்டி எதுவென்று உங்களுக்குத் தெரியாதா என்ன! நம் டிரான்சிஸ்டருக்கென்று உங்கள் தம்பி செய்த அதே பெட்டிதான். முன்பக்கம் சல்லடை மாதிரித் துளை போட்டிருப்பதால் பூண்டு காற்றோட்டமாக, அழுகாமல் கிடக்கிறது. ரேடியோவுக்கு ஆகாதது பூண்டுக்காவது ஆயிற்று. இதை அவர் காதில் விழச் சொன்னால் இன்றைக்கும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். அதற்காகவே நான் அடிக்கடி சொல்வேன்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்த இரண்டாம் வருஷம். அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மத்தியானம் நீங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நின்றீர்கள். முந்தானையில் ஒரு தபால் கவரை முடிந்து வைத்திருந்தீர்கள்.

“ஏ புள்ள, இதப் படி. படிச்சுட்டு அப்புறமா எனக்குத் தண்ணி குடு.”

படித்தேன். போன மாதம் திருச்சி வானொலிக்காரர்கள் வேன் போட்டுக்கொண்டு வந்து, வரப்பில் மைக்கை நட்டு, நீங்களும் கூட எட்டுப் பேரும் பாடிய நடவுப் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அது வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு ஒலிபரப்பாகும் என்று எழுதியிருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம தெருவுலயே ஒரு வீட்ல பெரிய ரேடியோ இருக்கு மதினி, இங்க வந்து கேளுங்க” என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள்.

“நான் மட்டும் வந்து கேட்டா ஆச்சா? எங்கூடப் பாடுனவளுக எட்டுப் பேரும் அன்னைக்கி நடவுலதான் நிப்பாளுக. அன்னைக்கிப் பிடிக்க வந்தவன் அவன் காதுல மட்டும் எதையோ மாட்டிக்கிட்டு மண்டைய மண்டைய ஆட்டுனான். பாடுனவளுக்குக் குடுத்தானா? எம்புட்டு வருசமாப் பாடுறேன், ஊரே கேட்டிருக்கு. எங்குரலு எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியாது.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது நிஜம். எங்களுக்கெல்லாம் கிடைத்தது உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்து, இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. முதன்முதலாகக் கேட்டது இதுதான். உங்கள் ஊரில் கரண்டு கிடையாது. அப்படியென்றால் தூக்கிக்கொண்டு போகிற ரேடியோதான் வாங்க வேண்டும். மல்லிகைப் பூ விற்றுச் சேர்த்ததை நீங்கள் மடியில் கட்டிக்கொண்டே வந்திருந்தீர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைக் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அடடா, அந்தக் கடையில் நீங்கள் செய்த அமர்க்களம்! மேசைமேல் மூன்று டிரான்சிஸ்டர் வைத்தார் கடைக்காரர். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, சோப்புப் பெட்டி போல. ஒன்று சிவப்பு, முகத்தில் வெள்ளிக் கம்பி வலை. மூன்றாவது கறுப்பு, செங்கல் கனத்தில். எனக்குச் சிவப்பின் மேல்தான் கண்.

“இது மூணு பேண்டும்மா. சிலோன் கேக்கும், டெல்லி கேக்கும்” என்றார் அவர்.

“திருச்சி கேக்குமா?” என்றீர்கள். “கேக்கும்னா பாட விடுங்க. விட்டுட்டு நீங்க இங்கயே இருங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து எட்டு வைத்ததும் நின்று திரும்பி, “ஏ புள்ள, சின்னது செத்துப்போச்சு, அடுத்தத வைக்கச் சொல்லு!” என்று கூவினீர்கள். சிவப்பு, எதிர்ப்பக்கத்துப் பூக்கடை வரைக்கும் தாங்கியது. கறுப்பை வைத்ததும் நடந்தீர்கள், நடந்தீர்கள், ஜட்காவண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, தெருமுக்கு வரைக்கும் போய்க் கையைத் தூக்கி, “கேக்குதுடீ!” என்றீர்கள். கடை வாசலில் அதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கடைக்காரருக்கு வேர்த்து ஊற்றியது.

“யம்மா, ரேடியோவ வீட்டுக்குள்ள வச்சுத்தானம்மா கேப்பாங்க!”

“எங்க வீடு வயக்காடு தம்பி. கடைசிப் பாத்தியில நிக்கிறவளுக்கும் கேக்கணும்ல?”

கறுப்பையே எடுத்தோம். அதற்கு மேல் பேட்டரிக் கட்டை நாலு, மாற்றுக்கு நாலு. மாற்றுக் கட்டைகளை நீங்கள் யாரிடமும் தரவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். கடைக்காரர் சந்தோஷத்தில், காதில் மாட்டிக் கேட்கிற ஒயர் ஒன்றை, “இது இனாம்மா, ஒருத்தர் மட்டும் தனியாக் கேக்கலாம்” என்று நீட்டினார். பாவம், அவருக்கு அன்று நேரம் சரியில்லை.

“ஒருத்தி மட்டும் கேக்குறதுக்கு எதுக்கய்யா ரேடியோ? அதுக்கு நான் எனக்குள்ளயே பாடிக்கிருவேனே!”

ரேடியோ வைத்திருக்க அப்போது போஸ்டாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். யார் பேரில் என்று கேட்ட குமாஸ்தாவிடம், “பாடுனவ பேருல போடுங்க” என்றீர்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். நான்தான் உங்கள் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

அங்கிருந்து பேகம்பூர். தோல் பை தைக்கிற ராவுத்தரை உங்களுக்கு நினைவிருக்கும். ரேடியோவை விரலால் சாணளந்து, வார் எவ்வளவு நீளம் என்று கேட்டார். “தோள்ல மாட்டிக்கிட்டே நடணும் பாய், சேத்துல படக்கூடாது” என்றீர்கள். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். “அப்பன்னா நடுறாப்புல செத்த குனிங்க தாயி, அளவு பாத்துக்கிருவோம்.” கடை நடுவில் நீங்கள் நாற்று நடுகிற மாதிரிக் குனிய, அவர் வாரைப் பிடித்துக்கொண்டு தரைக்கும் பைக்கும் நடுவில் இரண்டு சாண் விட்டு முடிச்சுப் போட்டார். மறுநாள் பை கைக்கு வந்தது. புதுத்தோல் வாசனை வீடு முழுக்க. நான் அதை மோந்து மோந்து பார்த்தேன்.

இதெல்லாம் உங்கள் தம்பிக்குப் போதவில்லை. “தோல் பை எம்மாத்திரம்? திண்டுக்கல்ல பூட்டுச் செய்யிறவன் வீட்டு ரேடியோ பூட்டில்லாமப் போனா நாலு பேரு சிரிப்பாக” என்று பட்டறையிலேயே பழியாகக் கிடந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் பெட்டியோடு வந்தார். கனத்த இரும்புத் தகடு, உள்ளே பஞ்சு மெத்தை, முன்னால் சத்தம் வரத் துளை, பக்கவாட்டில் குமிழைத் திருக ஒரு துளை, மேலே மாங்காய்ப் பூட்டு. அதற்கு முந்தின நாள் முழுக்க ரேடியோ நம் வீட்டில் அழகாகப் பாடியிருந்தது. திருச்சி எங்கே வருகிறது என்று ரேடியோவின் முகக் கண்ணாடியில் குங்குமத்தால் பொட்டு வைத்திருந்தீர்கள். உங்கள் தம்பி முள்ளைச் சரியாகப் பொட்டில் நிறுத்தி, பையோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, மாப்பிள்ளைக் கோலத்தில்கூட நான் அதைப் பார்க்கவில்லை.

பஸ் பிடித்து உங்கள் ஊருக்குப் போய், ஆறு மணிக்கு வயலில் இறங்கினோம். எட்டுப் பேரும் சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உங்கள் தம்பி பெட்டியைக் கிணற்று மேட்டில் வைத்து, துளை வழியாகக் குமிழைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்றது. அவ்வளவுதான்.

இன்னும் திருகினார். உஸ்ஸ் பெரிசாகியது. உங்கள் முகத்தை நான் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. “ஊரு தூரமாச்சே, அதான் எட்டலயோ” என்றாள் ஒருத்தி. நீங்கள் அந்த இரும்புக் கனத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டீர்கள். கிழக்கே நாலு எட்டு, மேற்கே நாலு எட்டு. தென்னை மரத்தடிக்கு ஓடினீர்கள், திரும்பி ஓடி வந்தீர்கள். பாட்டைத் தேடி வரப்பு வரப்பாக நடந்தீர்கள். பின்னாலேயே நாங்கள் பத்துப் பேரும். உஸ்ஸ் தவிர ஒன்றும் இல்லை. மணி ஆறேகால் ஆகிவிட்டது.

“ஏலே, பூட்டத் தொற. பேட்டரிக் கட்டைய மாத்திப் பாப்போம்.”

“அக்கா, எல்லாரும் சேத்துக் கையி. தொட்டா புதுசு வீணாயிரும்.”

“தொறங்கிறேன்ல! நான் பாடுனது அங்க ஓடிக்கிட்டிருக்குடா!”

அப்படி நீங்கள் அவரை அதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்டதில்லை. அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். சாவி இரண்டு தடவை துளை தவறியது. மூடி கிறீச்சென்று திறந்தது.

“சேலையிலே சேறு தெறிக்கச் சேர்ந்து நட வாங்கடியோ...”

வயல் முழுக்கப் பரவிவிட்டது மதினி! கறுப்பு ரேடியோ என்றால் கறுப்பு ரேடியோதான்! உங்கள் தம்பி நம்பாமல் மூடியைச் சாத்தினார். உஸ்ஸ். திறந்தார். பாட்டு. மறுபடி சாத்தப் போனவர் கையில் நீங்கள் ஓங்கி ஒன்று வைத்தீர்கள். அவர் ஆசை ஆசையாக அடித்த இரும்பே அலையை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டிருந்திருக்கிறது. திருடன் நுழையாத பெட்டிக்குள் பாட்டும் நுழையவில்லை.

சரி, இனியாவது கேட்கலாம் என்றால் அடுத்த கூத்து. நடவில் முன்பாட்டுக்காரி ஓர் அடி பாடினால் மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவதுதானே பழக்கம்? ரேடியோவில் உங்கள் குரல் “வாங்கடியோ” என்றதும் எட்டுப் பேரும் தங்களை அறியாமல் வாயைத் திறந்து, “வாங்கடியோ, வாங்கடியோ!” என்று ஒரே குரலில் வாங்கினார்கள். ரேடியோவிலும் அவர்கள், வரப்பிலும் அவர்கள். உங்கள் குரல் போன இடம் தெரியவில்லை.

“ஏய், வாய மூடுங்கடி! என்னையக் கேக்க விடுங்கடி!”

எட்டுப் பேரும் சேற்றுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றார்கள். கடைசி இரண்டு அடி மிச்சம் இருந்தது. அந்த இரண்டு அடியையும் நீங்கள் முழுதாகக் கேட்டீர்கள்.

முடிந்ததும் நாங்கள் கூச்சல் போட வாயெடுத்தோம். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“இது எங்குரலு இல்ல” என்றீர்கள்.

“ஐயே, உன் குரலுதான்க்கா! எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் ஒருத்தி.

“இல்லடி. இது எங்க ஆத்தா குரலு. மறந்தே போயிருந்தேன். இப்படியேதான்டி பாடும், கடைசியில இப்படியேதான் இழுக்கும்.” பிறகு தம்பி பக்கம் திரும்பினீர்கள். “ஏலே அப்பு, கேட்டியா? உனக்குத் தெரியாதுல்ல, நீ சின்னப்பய. ஆத்தா இப்படித்தான்டா பாடும்.”

ரேடியோவில் அதற்குள் யாரோ உரம் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். ரேடியோவைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிடலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் தம்பி இரண்டு கையாலும் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மூடி விழுந்துவிடும் அல்லவா?

பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பொட்டில் முள்ளை நிறுத்தி உட்கார்ந்திருந்தோம்! வானொலிக்காரர்கள் மறுபடி அந்தப் பாட்டைப் போடவே இல்லை. நீங்களும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. “அதான் கேட்டாச்சே புள்ள” என்பீர்கள். தோளில் அந்தத் தோல் பையோடு குனிந்து நீங்கள் நட்டதை எத்தனையோ நாள் பார்த்தேன். ராவுத்தர் அளவு தவறவில்லை, பையில் ஒரு சொட்டுச் சேறு படவில்லை. உங்கள் தம்பி அந்தப் பெட்டிக்கு மறுபடி பூட்டுப் போடவும் இல்லை.

இன்று பூண்டு எடுத்துவிட்டு மூடியைச் சாத்தாமல் வந்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் வருவேன். பல்லி விழுந்துவிடும் அத்தை என்று மருமகள் சாத்திவிட்டுப் போவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் திறந்து வைக்கலாம் என்று மெல்ல எழுந்து போவேன். சில நாள் நான் போவதற்குள் அது திறந்திருக்கும். உங்கள் தம்பி, மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறவர் மாதிரிப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.